காகத்துக்குக் கல்லுப்பு

சிரட்டைகளைத்தான் முதலில் சொல்ல வேண்டும். காலையில் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனால், வாடிப் பக்கத்துக் கிடுகு வேலியடியில் அத்தான் குந்தியிருப்பார். அவருக்கு முன்னால் ஒரு சாக்கு விரித்திருக்கும். அதன்மேல் தேங்காய்ச் சிரட்டைகள் வரிசையாக இருக்கும். ஒன்றில் புளியங்கொட்டை, ஒன்றில் உடைத்த சிப்பி, ஒன்றில் காய்ந்த வேப்பங்கொட்டை, இன்னொன்றில் எங்கிருந்தோ பொறுக்கி வந்த பொடிக்கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். சிலதை வாயில் போட்டுக் கடித்தும் பார்ப்பார். நகைக் கடையில் கல் பார்க்கிறவரின் முகத்தோடு, காகத்தின் உடம்பில் எது நன்றாகப் பாயும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் எனக்குக் காலைத் தேநீர் இறங்காது. இப்போதும் யாராவது சிரட்டையில் எதையாவது போட்டு வைத்திருக்கக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். திருகோணமலைத் துறைமுகப் பட்டறையில் குழாய் பொருத்துகிற வேலை பார்த்தவர். சண்டைக் காலத்தில் கப்பல் வரத்துக் குறைந்து ஆட்களை நிறுத்தியபோது அவரையும் நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் கடற்கரையை ஒட்டியிருந்த துண்டுக் காணியில் பரண் அடித்துக் கருவாடு போடத் தொடங்கினார். அந்த இடத்தைத்தான் வாடி என்போம். நான் அப்போது பட்டணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்துக்கொண்டு, கலியாணம் கட்டாமல், அவர்கள் வீட்டு முன்னறையில் இருந்தேன். எனக்கு அவர் ஒரு குறையும் வைத்ததில்லை. மழை நாளில் பஸ் தரிப்பிடத்தில் குடையோடு வந்து நிற்பார். அக்காவுக்கு மூட்டுவலி என்றால் குசினிக்குள் அவரே இறங்கிவிடுவார். அவர் வைக்கும் சொதி அக்காவின் சொதியைவிட நன்றாக இருக்கும். கெட்ட மனிதர் என்று ஒரே சொல்லில் முடிக்கக்கூடியவராக இருந்திருந்தால் நான் இதை எழுதவே வந்திருக்க மாட்டேன்.

அவர்களுக்கு ஒரே மகன். எனக்குப் பெறாமகன். அத்தான் அவனைத் தம்பி என்றுதான் சொல்வார். சைக்கிளில் ரியூட்டரி வகுப்புக்குப் போனவனை ஆமிக்காரர் ஒரு சுற்றிவளைப்பில் மறித்து, மைதானத்தில் மற்றவர்களோடு வரிசையில் நடத்தினார்கள். ஆட்களைக் காட்டிக்கொடுக்கவென்று முகத்துக்குச் சாக்குப் போட்ட தலையாட்டி ஒருவன் ஜீப்புக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனையோ பேரைக் கண்டு ஆடாத அந்தத் தலை எங்கள் பிள்ளையைக் கண்டு ஏன் ஆடியது என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். பிறகு போய்க் கேட்டால் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள். அக்காவும் அத்தானும் ஏறி இறங்காத வாசல் இல்லை. ஒவ்வொரு வாசலிலும் அத்தான் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் குனிந்து நின்ற அந்த நிலையைப் பார்க்க எனக்கு அழுகை வரும். அப்போது அழுகைதான் வந்தது.

அக்கா சாத்திரியாரிடம் போனாள். பெடியனுக்கு ஏழரைச் சனி, ஆனால் உயிருக்கு மோசம் இல்லை, சனிக்கிழமை விரதம் பிடித்து எள்ளுச்சாதம் காகத்துக்கு வைத்தால் திரும்பி வருவான் என்றார் அவர். காகம் சனீஸ்வரனின் வாகனம் என்பது தெரிந்த விஷயம். காகம் எடுத்த பிறகுதான் விரதகாரி வாயில் வைக்கலாம். எடுக்காவிட்டால் அன்றைக்குப் பட்டினி. அக்கா அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சொந்தக்காரப் பெண் ஒருத்தி வந்து, வருசமும் திரும்பப் போகுது, ஒரு திவசத்தைச் செய்து மனதை ஆற்றிக்கொள் என்று சொன்னபோது அக்கா அவளைப் படலைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். பிறகு என்னிடம் சொன்னாள். "செத்தவனைச் சனி பிடிக்குமோடி? அவன் இருக்கிறதாலதான் பிடிச்சிருக்கு. நான் வைக்கிறது உயிரோட இருக்கிறவனுக்கான சோறு." அவள் கணக்கில் பிழை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

சனிக்கிழமைகளில் முருங்கை மரத்தடியில் தட்டை வைத்துவிட்டு "கா... கா..." என்று அக்கா கூப்பிட்டால் காகங்கள் கூட்டமாக வந்து இறங்கும். அதில் ஒன்றுக்கு ஒரு கால் கோணல். அதுதான் முதலில் வரும். அது ஒரு வாய் எடுத்ததும் அக்காவின் முகம் தெளியும். வந்து சாப்பிட உட்காருவாள். அந்த ஒரு பொழுதுதான் அவள் கிழமை முழுவதும் ஒழுங்காகச் சாப்பிட்டது.

காகங்கள் சனிக்கிழமை வந்துவிட்டு மற்ற நாட்களில் விரதம் இருக்குமா? அவை வாடியில் காய்ந்த மீனில் கை வைத்தன. நெத்தலியை அள்ளிக்கொண்டு போயின. கட்டா மீனின் கண்ணைத் தோண்டின. அத்தான் பழைய வலையை விரித்துப் பார்த்தார், தகரம் தட்டிப் பார்த்தார், ஒன்றும் சரிவரவில்லை. "நீர் சோறு போட்டு வளர்க்கிறீர், அதுகள் என்ர மீனில கொழுக்குதுகள்" என்று அக்காவோடு பகிடியாகவும் கோபமாகவும் சண்டை பிடித்தார். பிறகு ஒருநாள் பட்டறையிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளைத் தூசி தட்டி எடுத்தார். துறைமுகத்துக்கு வந்த ஏதோ ஒரு கப்பலின் ஆட்கள் பொழுதுபோக்குக்காகக் குழாய்க்குள் உருளைக்கிழங்கை வைத்துக் கடலுக்கு மேலால் அடித்ததை அவர் பார்த்திருக்கிறார். அதே மாதிரி ஒன்றைச் செய்தார். உள்ளே எதை விட்டார், எப்படிக் கொளுத்தினார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். உலகத்தில் இருக்கிற வெடி போதும்.

முதல் வெடிக்கு ஊரே படுத்துவிட்டது. ஒழுங்கை முடிவில் இருந்த ஆமிக்காரரின் காவல் சென்றியிலிருந்து துவக்குகளோடு ஓடி வந்தார்கள். அத்தான் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு முழங்காலில் நின்றார். பரணில் உடைந்த உருளைக்கிழங்கு அப்பியிருந்தது. சென்றிக்குப் பொறுப்பான சார்ஜன் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அத்தான் துறைமுகத்தில் பழகிய சிங்களத்தில் காகத்தின் கதையைச் சொன்னார். அவன் இன்னொரு தரம் அடித்துக் காட்டச் சொன்னான். அடித்துக் காட்டியதும் கைதட்டிச் சிரித்தான். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். மற்ற வீட்டுக்காரராக இருந்திருந்தால் அன்றைக்கே கொண்டுபோயிருப்பார்கள். எங்களுக்குத் தலை தப்பியது என்று அக்கா கோயிலுக்கு நேர்த்தி வைத்தாள்.

மறுநாள் காலையும் சார்ஜன் வந்தான். அதற்கு அடுத்த நாளும் வந்தான். அத்தான் அவனுக்குக் கதிரை தூக்கிப் போட்டார். தேநீர் கொடுக்கச் சொன்னார். "மாத்தயா, மாத்தயா" என்று சிங்களத்தில் ஐயா போட்டுக் குழைந்தார். சில நாட்களுக்குப் பிறகு இரகசியம் போல என்னிடம் சொன்னார். "பிள்ளை, அந்த ஆளுக்கு மேலிடத்தில பழக்கம் இருக்காம். தம்பியின்ர பேரைக் குடுத்திருக்கிறன். பாக்கிறன் எண்டு சொன்னவன். இந்த ஒரு வாசல்தான் திறந்திருக்கு. இதை விட ஏலாது." நான் ஓம் என்றேன். அது நியாயமான காரணம். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அதுவரை எனக்கு அவரில் ஒரு குற்றமும் தெரியவில்லை.

குற்றம் சிரட்டைகளோடு வந்தது. உருளைக்கிழங்கு ஒன்றாகப் போய் ஒரு காகத்தைக்கூட ஒழுங்காகத் தொடுவதில்லை, பரணைத்தான் உடைக்கிறது. அதோடு அந்த நாட்களில் உருளைக்கிழங்கு விற்ற விலைக்கு அதைக் கறியில் போடவே யோசிப்போம். கந்தளாய்ப் பக்கமிருந்து வந்த அழுகல் கிழங்கும் தீர்ந்து போனது. ஆகவே, ஒன்றுக்குப் பதிலாகப் பலவாகச் சிதறிப் போகிற ஏதாவது வேண்டும் என்று சார்ஜன் சொன்னான். அத்தானின் கண் மின்னியதை நான் குசினி யன்னலால் பார்த்தேன். பட்டறை பூட்டிய பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. மகன் காணாமல் போன வீட்டில், ஆண்கள் குந்தியிருந்து, எது பறந்து போய் எப்படிக் குத்தும் என்று காலை காலையாகக் கூட்டம் போட்டார்கள்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அடிக்கிற சாமான் எதுவாக இருந்தாலும் மிச்சம் பரணில் காய்கிற மீன்மேல்தான் விழும். புளியங்கொட்டை நன்றாகப் பாய்ந்தது. ஆனால் நெத்தலிக்குள் கலந்து போய், வாங்கிக்கொண்டு போன கடைக்காரரின் பல் உடைந்தது. சிப்பித் துண்டு காகத்தின் சிறகைக் கிழித்தது; கட்டாக் கருவாட்டையும் கிழித்தது. வேப்பங்கொட்டை பாரமில்லாமல் பாதி வழியில் விழுந்தது. சார்ஜனின் ஆள் ஒருவன் லீவில் போய்வந்தபோது புல்மோட்டைக் கறுப்பு மணலில் ஒரு பை கொண்டுவந்தான். அதை அடித்தார்கள். அது ஈர மீனில் ஒட்டி, இரண்டு பரண் மீனைக் கழுவவும் முடியாமல் கடலில் கொட்டினோம். சார்ஜன் வெட்டிய ஆணித் துண்டுகளை ஒரு பால்மாப் பேணி நிறையக் கொண்டுவந்தான். அத்தான் தலையாட்டி மறுத்தார். அவ்வளவுதான், மனிதருக்கு இரக்கம் வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அவரோ சிங்களத்தில், "மீனுக்குள்ள போனால் சனம் செத்துப்போகும், மாத்தயா, யாவாரம் படுத்திடும்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். காகத்தின் பேச்சே அங்கே வரவில்லை.

கடைசியில் கல்லுப்பைக் கண்டுபிடித்தார். கருவாட்டுக்குப் போடவென்று வாடியில் குவித்திருந்த அதே உப்புத்தான். அரிதட்டில் அரித்து, பெரிய பரலை ஒரு சிரட்டையிலும் சின்னப் பரலை இன்னொரு சிரட்டையிலும் பிரித்தார். எது தூரம் போகும், எது அகலமாகச் சிதறும் என்று கிழிந்த சாரத் துணியைக் கயிற்றில் தொங்கவிட்டு அடித்துப் பார்த்தார். துளைகளைச் சார்ஜனுக்கு விரல் விட்டுக் காட்டினார். "மீனில விழுந்தாலும் நட்டமில்லை, உப்புத்தானே. காகத்தில பட்டால் உள்ளுக்க போய்க் கரையும். கரையேக்க பாருங்கோ எரிவை" என்று அவர் சொன்னதும் சார்ஜன் தொடையில் தட்டிச் சிரித்தான். அத்தானும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் நான் சொல்ல வருகிறேன். அது பிள்ளைக்காகச் சிரித்த சிரிப்பு என்று பின்னாளில் எத்தனையோ பேர் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டவள். அவருக்கு அது இனித்தது.

உப்புப் பட்ட காகம் உடனே சாவதில்லை. எங்காவது மூலைக்குள் போய்க் குந்திக்கொண்டு, தன் உடம்பைத் தானே கொத்திக்கொண்டு கிடக்கும். ஒன்று எரிவு தாங்காமல் கடல் தண்ணீரில் போய் இறங்கியதைக் கண்டேன், அங்கேயும் உப்புத்தானே. செத்தவற்றில் ஒன்றை மற்றவைக்குப் பயம் காட்டவென்று பரண் கம்பில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். அது ஊதி, புழு வைத்து, அந்த நாற்றம் கருவாட்டு நாற்றத்தையும் மீறி முன்னறைவரை வந்தது. அதற்குக் கீழே கதிரை போட்டிருந்து இவர்கள் தேநீர் குடித்தார்கள். அத்தான் தன் கையால் மீன் பொரித்துக் கொண்டுவந்து வைத்தாலும் எனக்கு ஓங்காளித்தது. வீட்டில் மரக்கறி மட்டும் சாப்பிடப் பழகிக்கொண்டேன். கேட்டவர்களுக்கு விரதம் என்று சொன்னேன்.

உண்மையான விரதகாரிக்குத்தான் வினை வந்தது. முருங்கை மரத்தடிக்குக் காகங்கள் வருவது குறைந்து, பிறகு அடியோடு நின்றது. அக்கா தட்டை வைத்துவிட்டுக் கூப்பிடுவாள். தூரத்துத் தென்னையில் இருந்து பார்க்கும், இறங்காது. கோணல் காலுள்ளது மட்டும் ஒருநாள் மதிலில் வந்து குந்தி, தலையைச் சரித்துப் பார்த்துவிட்டுப் போனது. அக்கா வெயிலேறும்வரை நிற்பாள், வெயில் சாயும்வரை நிற்பாள். எள்ளுச்சாதம் காய்ந்து எறும்பு மொய்க்கும். அன்றைக்கு அவள் தண்ணீர் மட்டும் குடிப்பாள். பிறகு, காகம் எடுக்காத சோற்றுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடுவதும் பிழை என்று அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. திங்கட்கிழமை எழும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். அவளுக்குப் பசியைவிட வேறு பயம். மகனை எங்கேயோ வைத்திருக்கிறார்கள், அவனுடைய உயிர் இந்தச் சோற்றில் இருக்கிறது, அதைக் காகம் தொடமாட்டேன் என்கிறது.

நான் அத்தானோடு நேரடியாகவே கதைத்தேன். "சனிக்கிழமையிலயாவது அந்தச் சனியன் குழாயைத் தொடாமல் இருங்கோ அத்தான். அக்கா சாகப்போறா." அவர் அரிதட்டைக் கீழே வைக்கவில்லை. "சனிக்கிழமைதான் பிள்ளை அவனுக்கு டியூட்டி இல்லை. அண்டைக்குத்தான் ஆறுதலாய் இருந்து கதைக்கிறவன். தம்பியின்ர விசயத்தை அண்டைக்குத்தான் கேக்கலாம்." "கேட்டனீங்களோ?" என்றேன். "கேப்பன். மனுசன் சந்தோசமாய் இருக்கேக்க கேக்க வேணும்." அந்த மனுசனைச் சந்தோசமாக வைத்திருக்கத்தான் இவ்வளவும் என்று அவர் சொல்லிக்கொண்டே உப்புப் பரலில் உடைந்ததைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். என் முகத்தை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அக்கா குளித்து, ஈரத் தலையோடு, எள்ளுச்சாதத் தட்டை எடுத்துக்கொண்டு நேரே வாடிக்குள் போனாள். விழுந்துவிடுவாளோ என்று நான் பின்னால் போனேன். சார்ஜன் கதிரையில் இருந்தான். அத்தான் குழாயைத் தாங்குகட்டையில் வைத்து, எல்லாம் ஆயத்தமாக்கி, நிமிர்ந்து நின்றார். அக்கா அவருக்கு முன்னால் போய் நின்றாள். "இஞ்சேருங்கோ, இண்டைக்கு ஒருநாள் விடுங்கோ. அதுகள் வந்து ஒரு வாய் எடுத்திட்டுப் போகட்டும். உங்கட காலில விழுந்து கேக்கிறன்" என்றாள். அவளுடைய குரல் வெளியே வரவே கஷ்டப்பட்டது. சார்ஜனுக்குத் தமிழ் விளங்காது. நோனா என்ன சொல்கிறா என்று கேட்டான்.

அத்தான் அக்காவைப் பார்த்தார். சார்ஜனைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே சிங்களத்தில் பதில் சொன்னார். எனக்கு அந்தளவு சிங்களம் விளங்கும். "காகத்தைக் கீழே இறக்கச் சோறு கொண்டுவந்திருக்கிறா, மாத்தயா" என்றார். சார்ஜன் "ஹரி, ஹரி", சரி சரி, என்று கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டான்.

அக்காவுக்குச் சிங்களம் தெரியாது. இருவரும் சிரித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள் போலும். பரண்களுக்கு நடுவே இருந்த மீன் வெட்டும் பலகைமேல் தட்டை வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று கூப்பிட்டாள். "கா... கா... வாங்கோ, வாங்கோ ராசா." நான் கத்தியிருக்கலாம். ஆனால் அவர் அடிப்பார் என்று நான் நினைக்கவில்லை. சார்ஜனின் வாயை அடைக்க எதையோ சொல்லிவிட்டார், அடிக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். அத்தனை கிழமை இறங்காத காகங்கள் அவளுடைய குரலுக்கு இறங்கின. கோணல் காலுள்ளது முதலில் வந்தது. வாயைத் தாழ்த்தியது. எடுத்ததா, எடுக்கவில்லையா, எனக்குத் தெரியவில்லை. அதற்குள் அத்தான் அடித்துவிட்டார்.

தட்டு எங்கேயோ போய் விழுந்தது. எள்ளுச்சாதமும் உப்பும் அக்காவின் சேலையில் தெறித்திருந்தன. மூன்றோ நாலோ மண்ணில் கிடந்து அடித்துக்கொண்டன. மிச்சமெல்லாம் எழும்பி வட்டமடித்துக் கத்தின கத்தலில் சார்ஜனின் சிரிப்புக்கூடக் கேட்கவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. அத்தான் விழுந்தவற்றை எண்ணத் தொடங்கினார். பிறகு அக்காவின் முகத்தைக் கண்டு நிறுத்தினார். அக்கா தட்டைத் தேடி எடுத்து, கிணற்றடியில் சாம்பல் போட்டு விளக்கினாள். வெகுநேரம் விளக்கினாள். "அந்தாளுக்கு இவர் என்னடி சொன்னவர்?" என்று என்னிடம் கேட்டாள். நான் சொன்னேன். மறைத்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சார்ஜனால் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கிழமை பெரியவரிடம் கட்டாயம் கேட்கிறேன் என்று சொன்னவன், அந்தக் கிழமையே மாற்றலாகிப் போனான். போகும்போது நல்ல கட்டாக் கருவாடாகத் தெரிந்தெடுத்துக் கட்டிக்கொண்டு போனான். புதிதாக வந்தவனுக்கு இந்த விளையாட்டுப் பிடிக்கவில்லை. குழாயைக் காலால் மிதித்து உடைத்து, உடைந்த துண்டை அத்தானின் கழுத்தில் வைத்து, ஒழுங்கை முகப்பில் வெயிலில் முழங்காலில் நிற்க வைத்தான். ஊர் பார்த்தது. நானும் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். எனக்கு அன்றைக்குக் கண்ணீர் வரவில்லை.

காகங்கள் மட்டும் மறக்கவில்லை. வாடியைக் கைவிட்டு, பரணைப் பிரித்து விறகாக்கிய பிறகும் எங்கள் வளவுக்கு மேலால் அவை பறக்கமாட்டா. அத்தான் படலையைத் திறந்து வெளியே காலை வைத்தால் ஒழுங்கை நீளத்துக்குக் கத்திக்கொண்டு பின்னால் போகும். ஒன்றிரண்டு தலையில் கொத்த வரும். அவர் துவாயால் தலையை மூடிக்கொண்டு கடைக்குப் போவார். சின்னப் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கும். அக்காவையும் என்னையும் கண்டாலும் அவை விலகிப் போயின. வேறென்ன செய்யும்? கூப்பிட்டு அடித்த வீடு அல்லவா.

அதனால் அக்கா எங்களைத் தெரியாத காகங்களைத் தேடிப் போனாள். சனிக்கிழமை காலையில் எள்ளுச்சாதத்தை வாழையிலையில் கட்டிக்கொண்டு நிலாவெளிக்குப் பஸ் ஏறுவாள். வழியில் இருக்கிற சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் பொதியை அவிழ்த்துக் குச்சியால் கிண்டிப் பார்ப்பார்கள். கிண்டிய சோற்றைத் திருப்பிக் கட்டிக்கொண்டு போய், முன்பின் தெரியாத ஒரு வீட்டு மதிலில், அந்த வீட்டுக்காரியிடம் கேட்டு வைப்பாள். காகம் எடுத்துவிட்டால் திரும்பி வந்து சாப்பிடுவாள். ஒருநாள் அத்தான் தானும் வருவதாகச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். "நீங்கள் வந்தால் அதுகள் வராது" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் போனாள். அவருக்குச் சமைத்துப் போட்டாள், உடுப்புத் தோய்த்துக் கொடுத்தாள், காய்ச்சலில் கிடந்தால் பத்துப் போட்டாள். சனிக்கிழமைகளில் அவரோடு ஒரு சொல் கதைக்க மாட்டாள். சண்டை முடிந்து, சாவடிகள் எடுபட்டு, பொதியைக் கிண்டுவதற்கு ஆளில்லாமல் போன பிறகும் அவள் போனாள். மகன் வரவில்லை. செத்தான் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. சாகிற வரைக்கும் அவள் அவனுக்குத் திவசம் செய்ய விடவில்லை.

அக்கா போனபிறகு அந்த வீட்டில் அத்தானும் நானுமாக இருக்கிறோம். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. சென்றி இருந்த இடத்தில் இப்போது வெள்ளைக்காரர்களுக்குக் குளிர்பானம் விற்கிறார்கள். அவருக்குச் சோறு போடுகிறேன், மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். உள்ளுக்குள் அருவருப்பு அப்படியேதான் இருக்கிறது. வயது போனால் அதெல்லாம் கரைந்துவிடும் என்பவர்கள் என்னோடு ஒரு கிழமை இருந்து பார்க்கட்டும். அவர் சாப்பிடும்போது விரல்களால் சோற்றை உருட்டி எடை பார்ப்பது போல ஒரு அசைவு செய்வார். நான் எழும்பி உள்ளே போய்விடுவேன்.

அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வந்த முதல் சனிக்கிழமை, அவர் விடியவே எழும்பி, எள்ளு வறுத்து, சோறு காய்ச்சி, வாழையிலையில் கட்டி வைத்திருந்தார். "பிள்ளை, இதை நிப்பாட்டக் கூடாது. நீ கொண்டுபோய் வை. நானும் பஸ்ஸில வாறன். கிட்ட வரமாட்டன்" என்றார். அக்காவுக்காக நான் போனேன். அவருக்காக அல்ல. நிலாவெளியில் அதே வீட்டு மதிலில் நான் சோற்றை வைத்தேன். அவர் ஒழுங்கையின் மறுபக்கத்தில், பூட்டிக் கிடந்த ஒரு கடைச் சுவரைப் பார்த்தபடி, துவாயை முகத்தோடு போர்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தக் காகங்களுக்கு உங்களைத் தெரியாது. திரும்பி நில்லுங்கோ, சனம் பாக்குது" என்றேன்.

"இல்லைப் பிள்ளை, தெரிஞ்சிருக்கும். நான் இப்பிடியே நிக்கிறன்."

நான் கூப்பிட்டேன். எனக்கு அக்காவின் குரல் இல்லை. அதற்கும் ஒன்று வந்து மதிலில் குந்தியது. பிறகு இன்னொன்று. முதலாவது ஒரு வாய் கொத்தி எடுத்தது, பிறகும் எடுத்தது. சுவரோடு நின்றவருக்குச் சிறகுச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். துவாய்க்குள்ளிருந்து கேட்டார்.

"மகன் சாப்பிடுறானோ?"

அக்கா அத்தனை வருடம் கிட்ட அண்டவிடாமல் வைத்திருந்ததை இந்த மனிதர் ஒரு கேள்வியில் தெருவில் போட்டுவிட்டார். எத்தனை காலமாக அவனைச் செத்தவனாக மனதில் வைத்திருந்தாரோ? அந்தச் சார்ஜனுக்குக் கதிரை போட்ட நாட்களிலேயேவா? எனக்குக் கேட்கத் துணிவில்லை. அவருடைய தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் போய் அதைத் தொடவுமில்லை. மதிலில் இருந்த கடைசிப் பருக்கையும் முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

"காகம் சாப்பிட்டிட்டுது, அத்தான்" என்றேன். "வாங்கோ, பஸ் வருகுது."